பன்னிரண்டு மீட்டர் கேபிள்

பதினொரு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தது போதும். இன்று மாலை இரங்கல் கூட்ட மேடையில் அமரவிருக்கும் இயக்குநர் ரோட்னி அவர்களே, சிட்னி நேர ஆய்வகத்தின் நண்பர்களே, வணக்கம். பேசுவோர் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆகவே பேச வேண்டியதை எழுதுகிறேன்.

முனைவர் எல்ஸ்பெத் கோவன் செவ்வாயன்று இறந்தார். செய்தி வந்தபோது கடிகார அறையில் இருந்தேன். கையில் இருந்த அளவை எழுதி முடித்தேன். தேநீர் குடித்தேன். இன்னும் அழுகை வரவில்லை.

வங்கிகளும் மின்நிலையங்களும் நம்மிடம் நேரம் வாங்குகின்றன. கொடுத்த நேரம் சரிதானா என்பது நமக்கே அடுத்த மாதம்தான் தெரியும். உலகின் அணுக்கடிகாரங்களை ஒப்பிட்டு பாரிஸிலிருந்து அறிக்கை வரும்போது. அதுவரை யார் பொறுப்பு? கோவன் அம்மையார் பொறுப்பு! இருபத்தாறு ஆண்டுகள் அவர் பொறுப்பு!

பதினொரு ஆண்டுகளுக்கு முன் கூரை ஆன்டெனாவுக்குப் புதுக் கேபிள் போட்டார்கள். பழையதைவிடப் பன்னிரண்டு மீட்டர் நீளம். செயற்கைக்கோள் சமிக்ஞை அதைக் கடக்கும் கூடுதல் நேரத்தை அளந்து கழிக்க வேண்டும். அம்மையார் அரைநாள் கேட்டார்.

"ஆய்வுக் குழு வந்து நிக்குது எல்ஸி, அப்புறம் அளந்துக்கலாம்," என்றார் ரோட்னி. "எந்த ரயிலு நின்னுடப் போவுது?"

"ரயில் நிக்காது ரோட்னி. ஆனா இனிமே நீ மணி பத்துன்னு சொன்னாக்கூட நான் ஒரு தடவ அளந்துதான் பாப்பேன்."

அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தோம்.

அறிக்கை வந்தது. வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் அறுபது பங்கு, நாட்டின் நேரம் விலகியிருந்தது. 'கோவனின் கவனக்குறைவு' என்று மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. அவரைக் கடிகாரங்களிடமிருந்து பிரித்துத் தராசுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஐவரில் ஒருவராவது பேசினோமா? இல்லை!

அவர் பேசினார், பதிவேட்டில். எட்டாம் பதிவேடு, பக்கம் 88: 'கேபிள் அளக்கப்படவில்லை. அளக்க வேண்டாம் என்று இயக்குநர் உத்தரவு.' கீழே ரோட்னி அவர்களின் சுருக்கொப்பம். படிக்காமலே போட்டிருக்கிறார்.

நேரத்தின் பிழையை அந்த மாதமே திருத்தினோம். அம்மையாரின் பெயரில் ஏற்றிய பிழை அப்படியே இருக்கிறது. அது திருத்தப்படும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். இது என் உறுதி.

பெயர் போட்டால், 'அவனுக்குப் பழைய பகை' என்பீர்கள். பகை உண்டுதான். பெயரில்லாத காகிதத்தை யாரும் நம்ப வேண்டாம். பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் போதும். ஆகவே கையெழுத்திடாமல் தேநீர் அறைப் பலகையில் இதை ஒட்டுகிறேன்.