வியாழக்கிழமைச் சட்டை

"ஹலோ... ஹலோ, டாக்டரம்மாங்களா?... ஆமா, ஆமா, நர்சம்மாதான் பேசறேன்... இல்லைங்க, ஸ்கிரீனை அணைச்சு வச்சிருக்கேன்... பழுதெல்லாம் ஒண்ணுமில்லை. இன்னைக்கு அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்."

இரண்டே அறைகள் கொண்ட கிராமத்துச் சுகாதார நிலையம் அது. எட்டு மாதமாக நகரத்து டாக்டரம்மா அங்கே சுவரில் மாட்டிய திரையில் தோன்றி வைத்தியம் பார்க்கிறார். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஊரின் காய்ச்சலும் பிரசவமும் நர்சம்மாவின் கையில்தான் இருந்தன. இப்போது வருகிறவர்கள் அவளைத் தாண்டித் திரைக்கு வணக்கம் வைக்கிறார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை அவள் மறைத்ததும் இல்லை.

"நல்லாத்தான் பார்க்கறீங்க, யாரு இல்லேன்னா?... ஆமா, ஆமா, சனங்களுக்கு நாப்பது கிலோமீட்டர் பஸ் அலைச்சல் மிச்சம். நானே நாலு பேருகிட்ட சொல்றேன்... ஆனா 'சாப்பிட்டியா'ன்னு நான் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறவ, நீங்க கேட்டா கண்ணைத் துடைச்சுக்கறா. பிரஷர் பார்த்து, எடை பார்த்து, கேமராவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது நானு. பேரு உங்களுக்கு... சரி, சரி, விடுங்க. நான் கூப்பிட்டது அதுக்கில்லை."

அவள் மடியில் ஒரு மருந்துப் பொட்டலம் கிடந்தது. டாக்டரம்மா எழுதித் தரும் மருந்துகள் வாரம் ஒருமுறை வேனில் வரும். இன்று காலை வந்த பதினாறு பொட்டலங்களில் ஒன்றின் மேல் அவள் கணவரின் பெயர் இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்க எப்பலேர்ந்து வைத்தியம் பாக்கறீங்க?... தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்றவரு, நெத்தியில தழும்பு... ஆங், அவரேதான்... என்ன, சொல்லக் கூடாதா? நான் அவரு பொண்டாட்டிங்க!... சட்டம் எனக்கும் தெரியும். அந்தச் சட்டத்தைச் சொல்லி நானே எத்தனை பேரை விரட்டியிருக்கேன்... சரி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். அடுத்த ஊரு சென்டர்ல போய் உட்கார்ந்து உங்ககிட்ட பேசியிருக்காரு. போன தரம் நீங்க எழுதின மருந்தும் அங்கேயே வரும்னு நினைச்சிட்டாரு. ஆளு எங்க உட்கார்ந்து பேசினாலும் மருந்து வீட்டு விலாசத்தைப் பார்த்து அந்தந்த ஊரு சென்டருக்குத்தான் வரும்னு அவருக்கு என்ன தெரியும்? பொட்டலம் நேரா என் மேஜைக்கு வந்துடுச்சு."

கிரீஸ் படிந்த சட்டையைத் தவிர வேறு எதையும் போட்டறியாத மனிதர், மூன்று வியாழக்கிழமைகளாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு, சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். நர்சம்மா ஊரிலுள்ள பெண்களை ஒவ்வொருத்தியாக மனதுக்குள் நிறுத்தி விசாரித்துப் பார்த்தாள். திரைக்குள் இருந்தவள் மேல் மட்டும் சந்தேகம் போகவில்லை.

"சிரிக்காதீங்க டாக்டரம்மா... உங்களுக்கு என் பொண்ணு வயசு. இருந்தாலும் எனக்குப் பத்திக்கிட்டுதான் வருது. இருபத்தாறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். தலைவலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்ககிட்ட மூணு தரம் வந்து சொல்லியிருக்காரு! அந்த ஊரு நர்சுக்கும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஊசி போடப் பழகினவ அவ!... ஏன் என்கிட்ட சொல்லலையாம்?... என்னது, திட்டுவேனா? நானா? அப்படியா சொன்னாரு?... சொல்லலையா? அப்புறம் ஏன் இழுக்கறீங்க?"

அவள் பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு, வாயுவுக்கு ஒண்ணு. மாத்திரை பார்த்தா எனக்குத் தெரியாதா? படுத்தா நெஞ்சை அடைக்குதுன்னு சொல்லியிருப்பாரு... சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம், சும்மா கேட்டுக்கங்க... ஓகோ, அதுக்குத்தான் ரெண்டு தலையணையா? ஒரு மாசமா என் தலையணையையும் பிடுங்கி வச்சுக்கிட்டு, சாஞ்சு உட்கார்ந்தே தூங்கறாரு. என் குறட்டை தாங்காமத்தான் எந்திரிச்சு உட்கார்ந்துக்கறாருன்னு நாலு நாளு அவரோட பேசாம..."

மாத்திரைகளை அவள் மேஜையில் வைத்தாள். அதுவரை பேசியவள் பொண்டாட்டி. இருபத்திரண்டு வருஷத்து நர்ஸ் இப்போதுதான் விழித்தாள்.

"டாக்டரம்மா... கால் வீங்குதுன்னு சொன்னாரா?... கேட்டீங்களா? இல்லேன்னாரா?... பொய்யிங்க. ஸ்கிரீன்ல காலு தெரியாதில்ல, துணிஞ்சு சொல்லிட்டாரு. புதுச் செருப்பு சிறுசாப் போச்சுன்னு போன வாரம் மாத்திக்கிட்டு வந்தாரு. சாயங்காலமானா செருப்பு வார் தடம் அப்படியே பதிஞ்சு நிக்குது... மூச்சு வாங்குதான்னு கேட்டீங்களா?... அதுவும் இல்லையாமா?"

ஜன்னலுக்கு வெளியே மேட்டுப் பாதையில் அவள் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கடை பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. தினமும் வரும் வழிதான்.

"இருங்க... அதோ வர்றாரு. நீலச் சட்டை. இன்னைக்கு வியாழக்கிழமை, உங்ககிட்டதான் கிளம்பிட்டாரு... நின்னுட்டாரு. குனிஞ்சு டயரை அமுக்கிப் பாக்கறாரு... பத்தடி நடந்தாரு... மறுபடி நிக்கறாரு, மறுபடி டயரு. தினமும் இப்படித்தான் டாக்டரம்மா. அந்த டயரை மாத்தித் தொலைங்கன்னு தினமும் நானும்... டயர்ல ஒண்ணுமே இல்லை, இல்ல?... ஆமா... ஆமாங்க. இருதயம்தான். வாயு இல்லை... நீங்க என்ன பண்ணுவீங்க, அவரு சொன்னதை வச்சுப் பார்த்தீங்க. நான் கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் கண்டுபிடிச்சேன், என் பக்கத்துல படுக்கிறவரைக் கோட்டை விட்டுட்டேன்."

அவள் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தாள். 

"சொல்லுங்க... உடனே ஈசிஜி. சரி. மெஷின் இருக்கு... ஆக்சிஜன் பார்த்துடறேன்... சரி, சரி... ஆம்புலன்ஸுக்கு நீங்களே சொல்லிடறீங்களா? சொல்லுங்க, உடனே சொல்லுங்க... நடக்க விடக் கூடாதா? இருங்க... ஏங்க! ஏங்க! அங்கேயே உட்காருங்க! சைக்கிளைப் போட்டுட்டு அந்தக் கல்லு மேல உட்காருங்கன்னா!... திட்டலை டாக்டரம்மா, என் குரலே அப்படித்தான்... உட்கார்ந்துட்டாரு. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போய் அழைச்சுக்கிட்டு வந்துடறேன்."

அவள் திரையின் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"ஸ்கிரீனைப் போட்டுட்டேன்... ஈசிஜி எடுக்கற வரைக்கும் நான் உள்ள இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அப்புறம் நீங்களே எல்லாத்தையும் கேளுங்க... நானும் பக்கத்துல இருக்கணுமா? வேண்டாங்க. நான் இருந்தா 'ஒண்ணுமில்லை'ம்பாரு. உங்ககிட்டதான் சொல்லுவாரு... இல்ல, கோவம் இல்லை... சரி, இருக்கு. இருந்துட்டுப் போகுது. அவரு உசுரோட இருந்தா நான் எப்ப வேணா கோவிச்சுக்கலாம். கேமராவை அவரு காலுக்கு நேரா திருப்பி வச்சிட்டு, நான் வெளியே பெஞ்சுல போய் உட்கார்ந்துக்கறேன், நோயாளிங்களுக்குத் துணைக்கு வர்றவங்க உட்கார்ற பெஞ்சுல...

ஆனா கதவைச் சாத்த மாட்டேன் டாக்டரம்மா. அது மட்டும் என்னால ஆகாது... வச்சிடறேன்."