மேல் லயத்துக்கு வந்த மெயில்

புதுப் போனுக்கு மாறுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. படங்கள், நம்பர்கள், வாட்ஸ்அப் எல்லாம் தானாகவே ஏறிவிடும். வேலை பார்க்கும் கந்தோரிலிருந்து வரும் மெயில் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். புதுப் போனில் அது திறக்க வேண்டுமென்றால், பழைய போனில் வந்து கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும்.

என் கணவர் பிறையன், கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர். நாங்கள் இருந்தது கெலிஓயாவில். கட்டாரிலிருந்து அவருடைய தம்பி ஓர் ஐபோன் அனுப்பியிருந்தான். இரண்டு போனையும் என்னிடம் தந்து, “நீயே மாத்திக் குடு ஜெஸ்மின், எனக்கு இதெல்லாம் ஓடாது” என்றார்.

மண்சரிவு எச்சரிக்கைகள் அவருக்கு மெயிலில்தான் வரும். கண்டித் தலைமைக் கந்தோரில் ஞாயிற்றுக்கிழமையில் ஒருவரும் போனில் கோல் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். மெயில் போட்டுவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது. மழையில் மோட்டார் சைக்கிளில் மேலே போய், வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் தோட்டத்துச் சனங்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது இவர் பாடு. எத்தனையோ தடவை போனார், ஒன்றும் நடக்கவில்லை. “ஐயா வந்துட்டாருல்ல, இனி வெயிலடிக்கும் பாருங்க” என்பாராம் மேல் லயத்து ஜெயராஜ். அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். நான் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பேன்.

அந்த ஞாயிறு மகள் ஷெரின் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள். அவளுடைய ஞானஸ்நான விருந்தில் அவர் பாதியில் எழும்பிப் போனவர். அதனால் சனிக்கிழமை சிம்மோடு எல்லாவற்றையும் புதுப் போனுக்கு மாற்றிவிட்டு, மெயிலுக்கான அந்த ஒரு ‘ஆம்’ மட்டும் அழுத்தாமல் விட்டேன். “பழைய மெயிலெல்லாம் ஏறணும், நாளைக்குப் பின்னேரமாகும்” என்றேன். நம்பினார். என்னை எப்போதும் நம்புவார்.

பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது மழை பிடித்தது. அவர் கதிரையில் இருந்தபடி வெளியே பார்த்தார்.

“ஜெஸ்மின், மெயில் ஏதும் வந்திருக்கானு பழைய போன்ல ஒருக்கா பாரேன்.”

அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். வீட்டு வைஃபையில் மெயில் வந்திருந்தது. மேல் லயத்து ஆட்களை உடனே அகற்றவும் என்று இருந்தது. நிதானமாகத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். போனை அணைத்துச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

“ஒண்ணுமில்லைங்க. சாப்பிடுங்க.”

“அப்ப இன்னைக்கு ஜெயராஜுக்கு வெயில் இல்ல” என்றார். எல்லாரும் சிரித்தோம். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இவருடைய புதுப் போனுக்கு ஜெயராஜ் கோல் எடுத்தார். அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. “ஐயா, மேல மூணு வீட்டக் காணோம்யா. மண்ணு மூடிருச்சு.”

இவர் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே போனார். மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது இரண்டாவது சரிவு வந்தது. மறுநாள் எடுத்தபோது ஜெயராஜும் இவருக்குப் பக்கத்திலேயே கிடந்தாராம்.

விசாரணைக்கு வந்தவர்கள் மரியாதையானவர்கள். புதுப் போனில் மெயில் வேலை செய்யவில்லையே, யார் மாற்றியது என்று கேட்டார்கள். “அவரேதான் மாத்தினார். அவருக்குச் சரியாத் தெரியாது” என்றேன். இறந்தவருக்கு அதனால் நோவு இல்லை. பிள்ளைக்குத் தாயாவது மிஞ்ச வேண்டும். உத்தியோகத்தரின் கவனக்குறைவு என்று முடிவெழுதினார்கள். பழைய போனை ஒருவரும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குத் தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். களைத்துப்போயிருப்பார்கள். நானும்தான்.

மெயிலை நான் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் ஒன்றுமில்லை என்றேன். அந்த மூன்று வீட்டாரின் பெயர்களும் எனக்குத் தெரியும். எங்கே பிழை விட்டேன் என்று இத்தனை நாளும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

புதுப் போனில் நான் சிம்மைப் போட்டுக் கொடுத்திருக்கக் கூடாது.