ஏசா கொடுத்த முத்தம்

— கதவைத் திற, அக்கா. தெருவுல நிக்கறேன், பாக்கறாங்க.

— பாக்கட்டும். பிஷப் வீட்டு நிக்கோலா ஐயாவுக்கு யூதத் தெருவுல என்ன வேலை?

— ஐயாவாம்… தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடு, ஜோயெட்டக்கா. விவான்னு.

— விவான் செத்துட்டான். அவங்க ஞானஸ்நானத் தண்ணியத் தலையில ஊத்திக்கிட்ட அன்னிக்கே அம்மா தரையில உக்காந்து ஏழு நாள் அழுது முடிச்சாச்சு.

— சரி, செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். பொணத்துக்கும் குளிருதுல்ல?

— …வா. வாசப்படியோட நில்லு. உள்ள வேலை நடக்குது.

— ஒரு கதை கேக்கணும்.

— என்னது?

— இந்த வாரத்து வேதப் பகுதி. ஜெபக்கூடத்துல பொம்பளைங்களுக்கு நீதானே நம்ம பேச்சுல சொல்றே? அண்ணனை ஏமாத்திட்டு ஓடின யாக்கோபு ஊர் திரும்பறான், அந்த அண்ணன் ஏசா நானூறு ஆளோட எதிர்ல வர்றான்… அப்புறம்?

— அப்புறம் என்ன. ஓடி வந்தான், கட்டிப் பிடிச்சான், முத்தம் கொடுத்தான். ரெண்டு பேரும் அழுதாங்க.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— அப்பா அப்படியா சொல்வார்? முத்தம் கொடுக்க வரல, கழுத்தைக் கடிக்க வந்தான்… யாக்கோபு கழுத்து பளிங்கா மாறிச்சு, ஏசா பல்லு பொலபொலன்னு… என் கழுத்தைப் பிடிச்சுத்தானே நடிச்சுக் காட்டுவார்? நீ நெசமாவே கடிச்சே. தழும்பு இருக்கு, பாரு.

— எனக்கு ஞாபகமில்ல.

— பொய்.

— …யார் அனுப்பினா உன்னை?

— யாரும் இல்லக்கா.

— ஏசான்னா தங்களைத்தான் சொல்றோம்னு உங்க சாமியாருங்க கொதிக்கறாங்க. பக்கத்து ஊர்ல நம்ம புத்தகங்களை வண்டி வண்டியாக் கொளுத்தினாங்க. என்கிட்ட புத்தகம் ஏது? நாக்குதான் இருக்கு. அப்போ என்னைத்தானே கொளுத்தணும்?

— கத்தாதே…

— நீ கெளம்பு, கதவைச் சாத்தணும்.

— கடைசியாக் கேக்கறேன். கடிச்சானா, இல்லையா?

— இல்ல. முழு மனசோட முத்தம் கொடுத்தான். அப்படிச் சொன்ன பெரியவரும் நம்மள்ல உண்டு. அப்பா அதையும் சொல்லியிருக்கார். அதுல பல்லு உடையல, அதான் உனக்கு ருசிக்கல.

— …அப்பாடா.

— என்ன அப்பாடா?

— நாளைக்கு உன்னை பிஷப் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கேள்வி லத்தீன்ல வரும், உனக்கு மாத்திச் சொல்றது நான்தான். முறைப்பேன், மிரட்டுவேன், அப்பா பேரை இழுப்பேன். நீ இப்ப சொன்னதையே சொல்லு. ஒரு சொல்லு கூடக் கூட்டாதே.

— பரீட்சை வைக்கவா வந்தே?

— வேற எப்படித் தெரிஞ்சுக்கறது, நீ தாங்குவியான்னு?

— உன்னை நம்பலாமா?

— தெரியல. வேற யாரு இருக்கா உனக்கு அங்க? இன்னொண்ணு… மத்த பொம்பளைங்களையும் தனித்தனியா விசாரிப்பாங்க. ஒருத்தி உளறினாலும்—

— உளற மாட்டாங்க. உள்ள மாவு பிசையறது அவங்கதான். காலையிலேர்ந்து அந்த முத்தத்தைத்தான் சொல்லிக் கொடுக்கறேன். உன் குரல் கேட்டதும் மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— எல்லாருமா?

— ஃப்ளோரியாவைத் தவிர.

— ஏன்?

— போட்டுக் கொடுத்தவளே அவதானே. பிஷப் வீட்டுக்குத் துணி தைக்கப் போறவ இந்தத் தெருவுல வேற யாரு? ‘கடிக்கற கதை சொல்றவ எவ’ன்னு பிஷப் ஆள் வந்து கேட்டுட்டுப் போனான். அன்னியிலேர்ந்து அவகூட யாரும் பேசறதில்ல. குழந்தைக்குக் காய்ச்சல்னு வந்து நின்னா… நான் கதவைச் சாத்திட்டேன்.

— அவ இல்லக்கா.

— உனக்கெப்படித் தெரியும்?

— …சாமியாருங்களோட சாப்பிட உக்காந்தேன். ஒரு கோப்பை அதிகமாப் போச்சு. எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன் கேளுங்கன்னு, அப்பா மாதிரியே பக்கத்துல இருந்தவர் கழுத்தைப் பிடிச்சு நடிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்கல.