மூடாமல் விட்ட வாய்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் பழைய அட்டைப் பெட்டிகளை அமுக்கிக் கட்டாக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் கணினியில் நான் எழுதிய இரண்டு புரோகிராம்கள் ஓடும். ஒன்று காவல், கதவு திறந்தால் அதற்குத் தெரியும். மற்றது ஓட்டுநர்; பெட்டிகளை அமுக்கும் இரும்புத் தகட்டை நகர்த்தும். இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு வழி போட்டேன். பைப் என்போம். ஒரு வாயில் காவல் எழுதும், மறு வாயில் ஓட்டுநர் படிக்கும். கதவு திறந்த சேதி வந்தால் தகடு நிற்கும். காவல் செத்துப்போனால் எழுதும் வாய் மூடிக்கொள்ளும். அப்போதும் தகடு நிற்கும்.

பைப்பை உண்டாக்கும்போது இரண்டு வாயும் இருவர் கைக்கும் வந்துவிடும். தனக்கு வேண்டாத எழுதும் வாயை ஓட்டுநர் முதலிலேயே மூட வேண்டும். மூடாவிட்டால், காவல் செத்தாலும் பைப் திறந்தே இருக்கும். ஓட்டுநர் எல்லாம் நலம் என்று தன்பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு.

அக்காவின் கணவர் அங்கே மெக்கானிக். எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். தங்கமான மனிதர், வாய்தான் நீளம். நான் சாப்பிட உட்கார்ந்தால், "பைப்பு வந்துட்டான், எங்கயாவது ஒழுகுதான்னு பாருங்கப்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு என் பெயரே ஆலையில் யாருக்கும் நினைவில்லை. ஐந்து வருடம் ஏழு மாதம். இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் நான் இல்லை.

ஏதாவது சிக்கினால், இயந்திரத்துக்குள் இறங்குமுன் அவர் என் கண்ணாடி அறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். நான் கையசைத்த பிறகுதான் இறங்குவார். அந்தப் பழக்கத்தை விடவைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

"கத்தாதீங்க அத்தான். கதவைத் திறந்தாலே மெஷின் நின்னுடும்."

"உன்னை நம்பித்தான்டா இறங்குறேன்."

ஓட்டுநரின் எழுதும் வாயை மூடுவது ஒரே ஒரு வரி; செவ்வாய்க்கிழமை அதை அழித்தேன். உங்கள் சைபர் கிரைம் ஆள் அதைக் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம். புதன் காலை பதினோரு மணிக்கு, சிக்கிய கம்பியை எடுக்க அவர் கதவைத் திறந்து, குரல் கொடுக்காமல் இறங்கினார். நான் காவலை முன்பே கொன்றிருந்தேன். புரோகிராமை நிறுத்துவதற்கு எங்கள் தொழிலில் அப்படித்தான் பெயர்.

தகடு மெதுவாகத்தான் வரும், முப்பது நொடி. முதலில் முழங்கால்கள், பிறகு இடுப்பு. எலும்பு உடைகிற சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. கடைசியில் இயந்திரம் வழக்கம்போலக் கம்பி சுற்றிக் கட்டை வெளியே தள்ளியது. அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை மணிக்கட்டுவரை வெளியே தெரிந்தது.

சாவு வீட்டில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்துமாடா இப்படி ஆச்சு" என்று அழுதாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆமாம், நிறுத்தும் பொத்தான் என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. முப்பது நொடியும் அவர் என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். "பைப்பு, நிறுத்துடா, பைப்பு" என்றார். என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அழுத்தியிருப்பேன்.