தண்ணீர் அறிக்கையின் இரண்டாவது கையெழுத்து

பண்ணைத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாற்று வாங்குவோர் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மீட்டர் அக்காவின் கணவரே, மகளே, மாமியார் அம்மா அவர்களே, நாற்றுக்கூடங்களில் வேலையை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு வந்து நிற்கும் என் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இருபத்தாறு வருடங்களாக நான் இந்தப் பண்ணையின் பம்ப் மெக்கானிக். இதுவரை நான் மேடை ஏறியதெல்லாம் மைக்கைப் பழுதுபார்க்கத்தான். இன்று மைக் நன்றாக வேலை செய்கிறது. பழுது என்னிடம்தான் இருக்கிறது. மறைந்த நம் நீர் ஆய்வாளர், மீட்டர் அக்கா அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை நிறைவேற்றிய பிறகு இந்தப் பண்ணையில் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: இன்று காலை முகச்சவரம் செய்யும்போது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. காரணத்தைக் கேட்ட பிறகு திட்டுங்கள்.

மீட்டர் அக்கா யார்? வெள்ளைக் கோட்டின் மேல் கழுத்துக் கயிற்றில் தண்ணீரைச் சோதிக்கும் மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பில் பாட்டில்களோடு, இந்த நாற்பது நாற்றுக்கூடங்களையும் சுற்றி வந்தவர். ஒரு செடி வாடினால் எல்லோரும் இலையைப் பார்ப்போம், பூச்சியைத் தேடுவோம், மண்ணைக் கிளறுவோம். அவர் மட்டும் குழாயைப் பார்ப்பார். "முதல்ல அது என்ன குடிச்சதுன்னு கேளுங்க" என்பார்.

நமக்கு நல்ல தண்ணீர் வேறு, செடிக்கு நல்ல தண்ணீர் வேறு. இதை எத்தனை பேருக்கு, எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஒரு தையல்காரம்மா வெளிறிப்போன ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் கொடுப்பதுபோல இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், அப்படியும் இப்படி ஆகிவிட்டதே என்று கண் கலங்கினார். அக்கா அவரை உட்கார வைத்து, அந்தத் தண்ணீரில் அழுக்கும் இல்லை, சத்தும் இல்லை, வெறும் தட்டைப் பளபளவென்று கழுவி விருந்தாளி முன்னால் வைத்த கதைதான் இது என்று சொன்னார். கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள், அதையும் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து மருந்து வாடை போன பிறகு ஊற்றுங்கள் என்று அனுப்பினார். அடுத்த மாதம் அந்த அம்மா வந்தது தொட்டியோடு அல்ல. அக்காவின் கோட்டுக்குப் புதுப் பை தைத்துக்கொண்டு.

புதுத் தகரக் கூரை போட்ட வருடம் நினைவிருக்கிறதா? மழைத் தண்ணீரைவிடச் சுத்தமானது உண்டா என்று நாமெல்லாம் தொட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். அக்கா கொட்டும் மழையில் குடையோடு போய், முதல் இரண்டு மழையையும் வாய்க்காலில் திருப்பிவிட்டார். கூரையைக் கழுவிய தண்ணீர் கூரைக்கு நல்லது, நாற்றுக்கு அல்ல என்றார். நாங்கள் முணுமுணுத்தோம். அந்த வருடம் அதேபோலப் புதுக் கூரைத் தண்ணீரை ஊற்றிய பக்கத்துப் பண்ணையில் வெள்ளரி நாற்று குட்டையாக நின்றுபோனது. நம்முடையது நிற்கவில்லை. முணுமுணுப்பு மட்டும் நின்றது.

பார்க்கச் சுத்தமாக இருந்தால் போதாதா என்று யாராவது கேட்டால் அவருக்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: "எங்க மாமியாரும் பாக்க அமைதியாத்தான் இருப்பாங்க." மாமியார் அம்மா இதோ சிரிக்கிறார். அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று காலையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவரே அவர்தான்.

சரி. சுற்றி வளைத்தது போதும்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் ஏழாம் கூடத்தில் அறுபதாயிரம் குடைமிளகாய் நாற்றுகள் கருகின. இங்கே பாதிப் பேர் அன்று குழித்தட்டுகளைச் சுமந்து போய்க் குழியில் கொட்டியவர்கள். இலை ஓரமெல்லாம் காய்ந்த காகிதம்போல ஆகிவிட்டது. நோயாக இருந்தால் மற்றக் கூடங்களுக்கும் பரவிவிடும் என்று பயந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டோம். பிறகு கூட்டம் கூடியது. நோய் இல்லை, பூச்சி இல்லை, உரமும் சரி. மிச்சம் இருந்தது தண்ணீர். அந்தக் கூடத்துக் கிணற்றுத் தண்ணீர் செடிக்கு ஏற்றது என்று அறிக்கை கொடுத்தவர் யார்? மீட்டர் அக்கா. அவர் மறுபடி சோதித்தார்; அதே அளவுதான் வந்தது. "மீட்டர் சரின்னுதான் சொல்லுது. ஆனா செடி செத்திருக்கே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவரால் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அறிக்கையின் குறுக்கே சிவப்பு மையில் 'தவறு' என்று எழுதப்பட்டது. இனி அவருடைய கையெழுத்து மட்டும் போதாது, சரிபார்த்து இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது.

அந்த இன்னொருவர் யார்? கிணறும் குழாயும் தெரிந்தவர் வேண்டும் என்று தேடினார்கள். நான்தான்!

அன்பர்களே, அந்த நாற்றுகளைக் கொன்றதும் நான்தான்.

கொஞ்சம் பொறுங்கள், முழுவதும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். செடி அதைத் தாங்கும், தண்ணீர் தெளிக்கும் நாசில் தாங்காது. தினமும் முந்நூறு நாசில்களைக் கழற்றி ஊசியால் குத்தி அடைப்பு எடுப்பேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அப்போது பண்ணையின் விருந்தினர் விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று அங்கிருந்த சாஃப்ட்னர் சும்மா கிடந்தது. தண்ணீரில் சுண்ணாம்பைக் குறைத்து, சோப்பு நன்றாக நுரைக்கச் செய்யும் இயந்திரம். அதை யாரிடமும் கேட்காமல் பம்ப் அறையில் பொருத்தி, ஏழாம் கூடத்துக் குழாயோடு இணைத்தேன். மூன்று வாரம் ஒரு நாசில்கூட அடைக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே ஒரு விஞ்ஞானி என்று வீட்டில் பெருமையடித்தேன்.

நான்காவது வாரம் வெள்ளையடிப்பு முடிந்தது. இயந்திரத்தைக் கழற்றித் திருப்பி வைத்தேன். அதே வாரம் இலை கருகத் தொடங்கியது. சத்தியமாக அப்போது இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அக்கா சோதிக்க வந்தபோது கூடத்திலும் பழையபடி கிணற்றுத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. மீட்டர் வேறு எதைக் காட்டும்?

ஒரு மாதம் கழித்து விடுதியின் சமையல்காரர் அந்த இயந்திரத்துக்கு உப்பு நிரப்பக் கூப்பிட்டார். பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.' சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக உப்பிலிருக்கும் சோடியத்தைத் தண்ணீரில் விடுவதுதான் அதன் வேலை. நமக்கு மென்மையான தண்ணீர். பிஞ்சு வேருக்கு மூன்று வாரம் தினமும் கொடுத்த உப்பு. படித்ததும் அங்கேயே உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருக்க வேண்டும். அப்போது என் மனைவி பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று பயம். அது காரணம்தான், நியாயம் இல்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று எட்டு வருடம் ஓடியது. வாரம் ஒரு அறிக்கை. அக்காவின் கையெழுத்துக்குக் கீழே, 'சரிபார்த்தேன்' என்று நானூறுக்கும் மேற்பட்ட முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவரைச் சரிபார்க்க நான்! திருடன் கையில் சாவி கொடுத்தது என்பார்களே, அதுதான்.

அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளி, பேனா மூடியைக் கழற்றிக் கொடுப்பார். ஆனால் ஒன்றை நான் மட்டும் பார்த்தேன். முன்பெல்லாம் காலையில் மீட்டரைச் சோதனைக் கரைசலில் ஒரு தடவை நனைத்துச் சரிபார்ப்பார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மூன்று தடவை. மூன்றும் சரியாக வந்தாலும், மீட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். தன் கண்ணையே நம்ப முடியாமல் ஒரு மனுஷி எட்டு வருடம் வேலை பார்த்தார். அதற்குக் காரணம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். இனி மருத்துவமனை வேண்டாம் என்று அழைத்து வந்திருந்தார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஜன்னலில் நாலு தொட்டி. அவற்றுக்கு மகள் ஊற்றும் தண்ணீரைக் கட்டிலிலிருந்தே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாஃப்ட்னர், மூன்று வாரம், பெட்டியின் பின்பக்கம், எல்லாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப மீட்டர் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போய்விட்டாரோ என்று நான் பயந்தே போனேன். பிறகு மகளைக் கூப்பிட்டார். "கேட்டியா? மீட்டர் சரியாத்தான் இருந்துச்சாம்." அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. பிள்ளை தேர்வில் தேறிய அம்மாவின் முகம்.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "நாளைக்கு வராத தம்பி. இன்னைக்குச் சந்தோஷமா இருக்கேன், நாளைக்குக் கோவம் வரும். நாளன்னைக்கு வா."

அப்படியே போனேன். நான் உண்மையைச் சொன்ன அன்று இரவு அம்மா ஒரு தடவைகூட விழிக்காமல் நன்றாகத் தூங்கினார் என்று மகள் வாசலிலேயே சொன்னார். உள்ளே கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எட்டு வருஷம் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டு, என் அப்பன் பாட்டன் வரை ஒரு சுற்று விசாரித்தார். முழுவதையும் வாங்கிக்கொண்டேன். உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், திட்டு வாங்க வாங்க உடம்பு லேசானது. அடைத்த நாசில் திறந்துகொண்டது என்று நானே சொல்ல, அவர் சிரித்துவிட்டார்.

பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். "எனக்குக் கூட்டம் போடுவாங்க. மைக் எப்படியும் உன் கைக்குத்தான் வரும். அங்க சொல்லு. அழாம சொல்லு. நீ அழுதா எல்லாரும் உன்னைத்தான் பாவம்பாங்க, என் மீட்டரை மறந்துடுவாங்க."

அதனால்தான் அன்பர்களே, நான் அழவில்லை.

இன்னொன்றும் சொல்லச் சொன்னார். அதை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவரிடம் இனியும் எதையும் மறைப்பதாக இல்லை. "என் தப்பும் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லு. ஏழாம் கூடம் தூரம்னு வாராவாரம் கிணத்து வாயிலேயே தண்ணி எடுத்தேன். செடி கிணத்துலயா குடிக்குது?" கிணற்றில் நல்ல தண்ணீர், குழாய் வழியாக வரும்போது என்னவோ ஆகிறது. பம்ப் அறையில் ஒரு முட்டாள் என்னவோ செய்கிறான். ஆகவே தண்ணீரை எங்கே எடுக்க வேண்டும்? செடியின் காலடியில். அவர் தன் தொழிலில் கடைசியாகத் திருத்திக்கொண்ட பாடம் இது. அதையும் தன் குற்றமாகச் சொல்லச் சொன்ன மனதை நான் என்னவென்று புகழ்வது?

நீர் ஆய்வாளர் மீட்டர் அக்கா அவர்களே! உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு உறுதி சொல்கிறேன். நாளை காலை முதல் இந்தப் பண்ணையில் ஒவ்வொரு வாரமும் தண்ணீர் எடுப்பது கிணற்று வாயில் மட்டும் அல்ல. நாற்பது கூடங்களிலும் கடைசி வரிசை, கடைசித் தட்டு, கடைசிச் செடியின் காலடியில். என்னை வேலையில் வைத்திருந்தால் அதைச் சுமந்து வருபவன் நான். வைத்திருக்காவிட்டால், வெளி ஆளாக வந்து வாசலில் நின்று கேட்பேன்: இன்று காலடித் தண்ணீர் எடுத்தீர்களா? பம்ப் அறையின் சாவியையும் இதோ மேசைமேல் வைக்கிறேன். இனி அதைத் திறப்பவர் எதைப் பொருத்தினார், எதைக் கழற்றினார் என்று கதவிலேயே எழுதி வைக்கட்டும்.

தலைவர் அவர்களே, இன்னும் ஒன்று பாக்கி. இந்தக் காகிதம் எட்டு வருடமாக அக்காவின் மீட்டர் பெட்டிக்குள் மடித்து இருந்தது. நேற்று அவர் மகள் கொடுத்தார். ஏழாம் கூடத்து அறிக்கை. சிவப்பு மையில் இருப்பது உங்கள் எழுத்து. நீங்கள் அறியாமல் எழுதியது, அறிந்தும் திருத்தாமல் விட்டவன் நான். அதை அடித்துவிட்டு உங்கள் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டுகிறேன். கீழே நான் எழுதிவிட்டேன்: 'தவறு என்னுடையது, பம்ப் மெக்கானிக்.' நானூறு முறை போட்டதில் இந்த ஒன்றுதான் உண்மையான சரிபார்ப்பு.

தலைவர் எழுந்து வருகிறார். பேனா இதோ இருக்கிறது ஐயா, மூடியைக் கழற்றித்தான் வைத்திருக்கிறேன்.

நன்றி, ஐயா.

அக்கா, அடித்தாகிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.