காரணம்: சத்தம்

— அதாவது என்னன்னா சிஸ்டர், ஜன்னலோட உள்பக்கம் உங்களோடது, வெளிப்பக்கம் குடியிருப்போர் சங்கத்தோடது. கட்டடத்துக்கு முகப்பு ஒரே மாதிரி இருக்கணும். புரியுதுங்களா?

— புரியுது சார். உள்பக்கத்தை மட்டும் எப்படி சார் மாத்துறது?

— அதைத்தான் நானும் கேக்கறேன்! எப்படி மாத்துவீங்க? அதனாலதான் அனுமதி கிடையாதுங்கறேன்.

— சார், கொஞ்சம் மெதுவா. பக்கத்துலதானே நிக்கறேன். சங்கச் செயலாளர் நீங்க, ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ரெட்டைக் கண்ணாடி, அதே அளவு, அதே பச்சை நிறம். கீழேருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது.

— வித்தியாசமே தெரியாதுன்னா எதுக்கு மாத்தணும்?

— மனுவுல காரணம் எழுதியிருக்கேனே சார்.

— “சத்தம்.” ஒத்தை வார்த்தை! என்ன சத்தம், யார் போடற சத்தம்? இப்படி மொட்டையா எழுதினா எப்படி?

— அது... பொதுவா, சத்தம் சார். ராத்திரி பூரா வார்டுல நிக்கறேன். காலைல வந்து படுத்தா கண்ணை மூட முடியலை. முந்தாநாள் ஒருத்தருக்குப் போடவேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடப் போயிட்டேன். நல்லவேளை, “எனக்குத்தான் அப்பவே போட்டாச்சேம்மா”ன்னு அவரே கையை இழுத்துக்கிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன் சார். இன்னொரு தடவை அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

— அடடா, விளையாட்டு விஷயம் இல்லையே இது! யாருன்னு சொல்லுங்க, ஒரு கை பாத்துடறேன். ரெண்டாவது மாடி நாயா?

— பாவம் சார் அது. நடுவுல புகுந்து குரைக்க அதுக்கு எங்க நேரம் கிடைக்குது?

— தண்ணி மோட்டாரா?

— பழைய மோட்டார் ஓடினப்போ தேவலை சார். கொஞ்சம் அமுங்கும்.

— எது அமுங்கும்?

— ஒண்ணுமில்லை சார்.

— எனக்குத் தெரியாம இந்தக் கட்டடத்துல ஒரு சத்தமா! காலைல சாப்பிட்ட கையோட இந்த மரத்தடியில வந்து உக்காந்தா மத்தியானம் வரைக்கும் அசைய மாட்டேன். நாலு பேர்கிட்ட போன்ல பேசிக்கிட்டே நாலு பக்கமும் கண்காணிக்கறேன். ஒரு சத்தம் கேட்டதுண்டா?

— உங்களுக்குக் கேட்டிருக்காது சார்.

— வாங்க, மேல உங்க வீட்டுக்கே போவோம். நேர்ல பாத்துட வேண்டியதுதான்.

— இப்பவேவா? சரி, வாங்க சார். பாத்து, படி உயரம்.

— அப்பாடா! மூணு மாடி ஏறினதுல மூச்சே நின்னுடும் போல. இதுதான் நீங்க தூங்கற அறையா? அந்த ஜன்னலை மூடுங்க.

— மூடித்தான் சார் இருக்கு. இதுக்கு மேல மூடாது. சட்டம் கோணிப்போச்சு, பாருங்க, விரலே போகுது.

— உஷ்ஷ்... பேசாதீங்க... காதைத் தீட்டிக்கிட்டு கேக்கறேன்... என்ன சிஸ்டர் இது, அமைதியா இருக்கே!

— இப்போ அப்படித்தான் சார் இருக்கும்.

— அதென்ன இப்போ?

— நீங்க மேல இருக்கீங்களே.

— நான் மேல இருந்தா என்ன?

— கீழ யாரும் இல்லை சார்.

— சிஸ்டர்!

— தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க தம்பி பொண்ணுக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு முன்பக்கம் வழுக்கை. உங்க மச்சான் வாங்கின புதுக் கார் நடுரோட்டுல நின்னுபோச்சு, அதுல உங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அப்புறம் உங்க வயிறு...

— போதும் போதும்! வயித்து விஷயம் வரைக்குமா?

— நேத்து முழுக்க அதுதானே சார்.

— நான் மெதுவாத்தானேம்மா பேசறேன்!

— சார், கண்ணாடி அதிருது.

— இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

— உங்ககிட்டதானே சார் கையெழுத்து வாங்கணும்.

— இருங்க, இருங்க. முன்பக்கத்து வீடு அத்தனையும் இதே காரணம் எழுதி மனு குடுத்திருக்கு. அதெல்லாம்... ஐயையோ! நான் மோட்டார்தான் சத்தம் போடுதுன்னு நெனச்சு, புதுசு வாங்கிப் போட்டேனே!

— புது மோட்டார் பரம சாது சார். அதுக்கப்புறம்தான் நீங்க பேசறது இன்னும் தெளிவா கேக்குது.

— வெக்கமா இருக்கு சிஸ்டர். எல்லாருக்கும் காவலா இருக்கறதா நெனச்சுக்கிட்டிருந்தேன். சரி, ஜன்னலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைலேருந்து மரத்தடிப் பக்கமே போகலை. என் வீட்டுக்குள்ளயே உக்காந்து பேசிக்கறேன். நீங்க நிம்மதியா தூங்குங்கம்மா.

— நிஜமாவா சார்? உங்களுக்குக் கோடிப் புண்ணியம்! எனக்கு இப்பவே கண்ணைச் சுத்துது.

— ஏங்க! இங்கயா இருக்கீங்க? கீழ உங்க சத்தத்தையே காணோமேன்னு பதறியடிச்சு ஓடி வரேன்!

— வா, வா. சிஸ்டர், இவதான் என் சம்சாரம்.

— தெரியும் சார். வாங்கக்கா, உக்காருங்க.

— நல்ல நேரத்துல வந்தே. சிஸ்டருக்கு என் பேச்சால தூக்கம் கெடுதாம். ஜன்னலை மாத்தணும்னு மனு குடுத்தாங்க. தேவையே இல்லைன்னு தீத்து வெச்சுட்டேன். நாளைலேருந்து போன் பேச்செல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதான்.

— என்னது, வீட்டுக்குள்ளயா? எங்க அந்த மனு? எடுங்க, கையெழுத்தைப் போடுங்க!

— அதாவது என்னன்னா, முகப்பு...

— முகப்பாவது மூஞ்சியாவது! போடுங்கங்கறேன். சிஸ்டர், நல்ல தடிமனான கண்ணாடியா பாத்துப் போட்டுக்கோம்மா. வீடு வீடா ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டு இவரைச் செயலாளர் ஆக்கினதே, பகல்ல நான் கொஞ்சம் கண்ணசரலாம்னுதானே!