மாஸ்டருக்குச் சேரணும்

தென்காசியிலிருந்து புளியறை போகும் பேருந்தில், என் பக்கத்தில் ஒரு பெண் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள். பின்சீட்டில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் புலம்பினார்.

"எம்மவ மாஸ்டருக்குச் சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கா, தம்பி."

"ரெண்டு காலும் ஊனி நின்னாத்தான் மாவு வீச முடியும் அண்ணாச்சி. நானும் மாஸ்டருதான், புளியறையில பரோட்டாக் கடை."

"இது பரோட்டா இல்லப்பா. எம்.எஸ்சி., கெமிக்கல் பயாலஜி."

"அதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?"

"பி.எஸ்சி.யில கெமிஸ்ட்ரி படிச்சிருக்கணும், பயாலஜியும் தெரியணும். நுழைவுத் தேர்வு எழுதணும். கடைசி வருசம் பூரா லேபுலயே கெடந்து ஆராய்ச்சி பண்ணணும். சீட்டு கெடச்சிட்டு. ஆனா காலேஜு பெங்களூருல. அதான் யோசிக்கேன்."

மாஸ்டர் சிரித்தார். "இங்கன வீசும்போது என்னைய ஏலேன்னுதான் கூப்பிட்டாங்க. கொல்லத்துக்குப் போயி வீசிட்டு வந்த பொறவுதான் மாஸ்டருன்னாங்க. வெளியூரு போகாம எவன் மாஸ்டரானான், அண்ணாச்சி?"

பெரியவர் மெதுவாக, "சரி, போயிட்டு வரட்டும்" என்று முனகினார்.

என் பக்கத்துப் பெண் சட்டென்று பின்னால் திரும்பினாள். இயர்போன் காதிலேயேதான் இருந்தது.

"நெசமாவாப்பா?"